ஒரு சிட்டிகை ஜாதிக்காய்

எக்நாக் ருசியில் பிஸ்கட் சுட எக்நாக் தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பிறந்ததும் "எக்நாக்குக்கு எங்க போறது?" என்று கேட்டே பலர் ஆசையைக் கைவிட்டுவிடுகிறார்கள். பினாங்குப் பேரங்காடிகளில் ஒரு வருடம் கிடைக்கும், மறு வருடம் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த விலைக்கு இரண்டு கிலோ பட்டர் வாங்கிவிடலாம். வேண்டியது 250 கிராம் பட்டர், 150 கிராம் சீனி, மூன்று மஞ்சள் கரு, 350 கிராம் மாவு, சில சொட்டு ரம் எசன்ஸ், அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூள். பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, மஞ்சள் கருவைச் சேர்த்து, மாவைக் கலந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகத் தட்டி 170 டிகிரியில் கால் மணி நேரம். அவ்வளவுதான்.

போன வருடம் இதில் ஒவ்வொரு பொருளாகக் கழற்றிப் பார்த்தேன். முதலில் ரம் எசன்ஸ். பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கும் ஒரு டப்பா போகும் என்பதால் அதை எப்படியும் விட வேண்டியிருந்தது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் எக்நாக் பிஸ்கட் என்றே சொன்னார்கள். அடுத்த தடவை மஞ்சள் கருவை விட்டேன். பிஸ்கட் கொஞ்சம் உதிர்ந்தது, வாசம் மாறவில்லை. மூன்றாவது தடவை முட்டையும் எசன்ஸும் இருந்தன, ஜாதிக்காய் மட்டும் இல்லை. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "இது தீவாளிக்குச் சுடுற பட்டர் பிஸ்கட்தானே?" என்றார்.

பெயரிலேயே முட்டையை வைத்திருக்கும் ஒரு பானம் அது. அதன் ருசியைச் சொல்ல முட்டை வேண்டாம், பால் வேண்டாம், மது வேண்டாம். சமையல் குறிப்பின் கடைசி வரியில், 'மேலே தூவ ஒரு சிட்டிகை' என்று போகிற போக்கில் எழுதப்படும் பொருள் மட்டும் போதும். அந்தச் சிட்டிகை எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

எக்நாக்கின் முன்னோர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பாஸ்ஸெட் என்றொரு பானம். சூடான பாலில் ஒயினையோ ஏல் என்னும் பீரையோ ஊற்றித் திரியவிட்டு, சீனியும் மசாலாவும் போட்டுக் குடிப்பது. வசதியான வீடுகளில் முட்டையும் பாலாடையும் சேரும். இதற்கென்றே தனிப் பாத்திரம் இருந்தது: இரண்டு பக்கம் பிடி, அடியிலிருந்து மேலேறும் மூக்கு. நம் கெண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் திரட்டைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கீழே தங்கும் காரமான திரவத்தை மூக்கு வழியாக உறிஞ்ச வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் தூக்கம் வராததற்கும் இதுதான் மருந்து. மேக்பத் நாடகத்தில் சீமாட்டி மேக்பத் காவலர்களை மயக்க மருந்து கலப்பது இந்தப் பாஸ்ஸெட்டில்தான். அதைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. எஸ்டேட்டில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பிராந்தியில் முட்டையை அடித்துக் கொடுத்த கதையை அவர் சொல்வார். சத்தும் சூடும் வேண்டும், கொஞ்சம் மயக்கமும் வேண்டும். உடம்பு கேட்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

பாஸ்ஸெட் கடல் தாண்டி அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனபோது எக்நாக் ஆனது. 'நாக்' என்பது நார்ஃபோக் பக்கத்தில் காட்டமான பீருக்குப் பெயர், 'நாகின்' என்பது சிறிய மரக்குவளை. இரண்டில் எது இந்தப் பெயருக்குள் நுழைந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இன்னும் சண்டை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் பாலும் முட்டையும் சீமைச் சரக்கும் பணக்காரர்கள் மேசையில் இருந்தவை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மாடு, கோழி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒயினுக்கும் பிராந்திக்கும் விலை அதிகம். ஆனால் ரம் மலிவாகக் கிடைத்தது.

ரம் ஏன் மலிவு? கரிபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். சீனி எடுத்தபின் மிஞ்சிய பாகு கப்பலேறி நியூ இங்கிலாந்து வந்தது. அங்கே அது ரம்மாக வடிக்கப்பட்டது. அந்த ரம்மில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மறுபடியும் மனிதர்களை வாங்கியது. மலிவு என்று நாம் சொல்வதன் கணக்கை வேறு யாரோ கட்டியிருப்பார்கள்.

தென் மாநிலங்களில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அடிமைகளுக்கு விடுமுறை உண்டு. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமைகள் அந்த வாரத்தில் குடிக்க வேண்டும் என்று எஜமானர்களே விரும்பினார்கள், யார் அதிகம் விஸ்கி குடிப்பது என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். குடித்துக் கிடப்பவன் கலகத்தைப் பற்றி யோசிக்க மாட்டான் என்பது அதற்குள் இருந்த கணக்கு என்கிறார் டக்ளஸ். பண்டிகை மதுவைப் பற்றி நான் படித்ததில் இதைவிடக் கசப்பான பக்கம் இல்லை.

குடித்தவர்கள் கலகம் செய்த கதையும் எக்நாக்குக்கு உண்டு. 1826 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. அதன் தலைவர் சில்வேனஸ் தாயர் வளாகத்தில் மதுவைத் தடை செய்திருந்தார். மது இல்லாத எக்நாக்கா என்று கொதித்த மாணவர்கள் விஸ்கியைக் கடத்திக் கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் ஜன்னல்கள் உடைந்தன, மாடிப்படிக் கைப்பிடிகள் பெயர்ந்தன, ஓர் அதிகாரியை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. 19 பேர் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அன்றிரவு குடித்தவர்களில் ஒருவர், சீக்கிரமே அறைக்கு அனுப்பப்பட்டதால் அந்தப் பட்டியலிலிருந்து தப்பினார். பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். 35 வருடம் கழித்து, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்த தென் மாநிலங்களின் அதிபர். எக்நாக் கலகம் என்று அமெரிக்கர்கள் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் கைப்பக்குவம் என்று ஓர் எக்நாக் குறிப்பும் ஒவ்வொரு டிசம்பரிலும் சுற்றும். அதை அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

பிறகு எக்நாக் மெல்ல மெல்ல அடக்கமானது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பால் பண்ணைகள் மது இல்லாத எக்நாக்கை அட்டைப் பெட்டியில் விற்று அதைக் குழந்தைகள் பானமாகவே ஆக்கிவிட்டன. 1980-களில் முட்டை வழியாகச் சால்மொனெல்லா கிருமி பரவியபின் பச்சை முட்டையின் மீதும் பயம் வந்தது. வீட்டில் எக்நாக் செய்பவர்கள் முட்டையும் பாலும் கலந்ததை 71 டிகிரி வரை சூடாக்கச் சொல்லி அரசு அறிவுறுத்துகிறது. (கரண்டியின் முதுகில் விரலால் கோடிழுத்தால் கோடு அப்படியே நிற்கும் பதம். வெப்பமானி இல்லாவிட்டால் இதை வைத்துப் பாருங்கள். அதிகம் விட்டால் முட்டை திரிந்துவிடும்.) அமெரிக்க உணவு ஒழுங்குமுறையில் எக்நாக்குக்கு ஒரு சட்ட வரையறையே இருக்கிறது. எடையில் குறைந்தது 1 விழுக்காடு மஞ்சள் கருவின் திடப்பொருள் இருந்தால் போதும், அது எக்நாக்.

ஒரு விழுக்காடு! மது போனது, முட்டையும் கிட்டத்தட்டப் போனது. அடுத்த கட்டமாகப் பானமே போய், ஐஸ்கிரீம், காப்பி, கேக், பிஸ்கட் என்று எக்நாக் ஒரு வாசமாக மட்டும் மிஞ்சியது. என் சமையலறையில் நான் செய்த கழித்தலை அமெரிக்கா இருநூறு வருடம் எடுத்துச் செய்திருக்கிறது. விடையும் ஒன்றுதான், ஜாதிக்காய்.

பனிக்காலத்தின் வாசம் என்று உலகம் கொண்டாடும் இந்தக் கொட்டை, பனியையே பார்க்காத மரத்தில் காய்க்கிறது. இந்தோனேசியாவின் மலுக்கு பகுதியில் இருக்கும் பண்டா தீவுகள்தான் அதன் சொந்த ஊர். பல நூற்றாண்டுகள் உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்து மட்டும்தான். தமிழர்களுக்கு அது புதிய பொருளல்ல. வெற்றிலையோடு சேரும் பஞ்சவாசத்தில் நம் பழைய உரைகள் அதையும் எண்ணுகின்றன. பச்சைக் குழந்தைக்கு உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்திலும் அது இருக்கிறது. வியாபாரிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த சரக்கு அது. வாங்கினார்கள், விற்றார்கள். மரத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை.

பூட்டியது டச்சுக் கம்பெனி. 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு பண்டாவில் இறங்கினார். ஓராங் காயா எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஜப்பானியக் கூலிப்படையினரைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் சில மாதங்களில் ஆயிரம் பேர் அளவுக்கே மிஞ்சினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், மலைகளில் பட்டினி கிடந்து செத்தார்கள், அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், படகேறித் தப்பினார்கள். காலியான நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஐரோப்பியர்களிடம் கொடுக்கப்பட்டது. வேலை செய்ய வேறு தீவுகளிலிருந்து அடிமைகள் வந்தார்கள். வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று கொட்டைகளைச் சுண்ணாம்பில் முக்கி ஏற்றுமதி செய்தார்கள்.

தப்பியவர்களில் சிலர் கெய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டா எலி, பண்டா எலாட் என்ற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பண்டா மொழியை இன்று பேசுபவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பண்டாவில் அந்த மொழி இல்லை.

இதே தீவுக் கூட்டத்தில் ரன் என்று ஒரு துக்குணித் தீவு. ஆங்கிலேயர்கள் அதற்கு உரிமை கொண்டாடினார்கள். 1667-இல் பிரேடா ஒப்பந்தத்தின்படி ரன் டச்சுக்காரர்களிடமே இருந்தது, அதற்கு முன்பே ஆங்கிலேயர் பிடித்துவிட்டிருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடம் இருந்தது. ஜாதிக்காய்த் தீவைக் கொடுத்து நியூயார்க்கை வாங்கினார்கள் என்று சுவாரசியமாகச் சொல்வார்கள். அன்று டச்சுக்காரர்கள் தாங்கள் ஏமாந்ததாக நினைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கனவான்கள் சட்டைப் பையில் வெள்ளியில் செய்த குட்டித் துருவியையும் ஒரு ஜாதிக்காயையும் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். விருந்தில் கோப்பை வந்ததும் எல்லாரும் பார்க்க எடுத்துத் துருவுவார்கள். இன்று மேசையில் புதுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறோமே, அது மாதிரி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு ஜாதிக்காய் மாநிலம் என்று பட்டப்பெயர். அங்கே ஜாதிக்காய் விளைவதில்லை. மரக்கட்டையை ஜாதிக்காய் போலச் செதுக்கி ஏமாற்றி விற்ற நாடோடி வியாபாரிகளைப் பற்றிய கேலி அது. போலிச் சரக்கு செய்யும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது.

டச்சுக்காரர்களின் பூட்டை முதலில் உடைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1770-இல் பியர் புவாவ்ர் ஏற்பாட்டில் நாற்றுகள் மொரிஷியஸுக்குக் கடத்தப்பட்டன. 1796-இல் ஆங்கிலேயர்கள் பண்டாவைப் பிடித்தபோது கடத்தல் வேலையே மிச்சம். தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் கப்பல் கப்பலாக நாற்றுகளைப் பினாங்குக்கு அனுப்பினார். 1843-இல் ஜாதிக்காய் கரிபியனில் உள்ள கிரெனடாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று அந்த நாட்டின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. ரம் பிறந்த கடலுக்கே ஜாதிக்காயும் போய்விட்டது.

ஆக, எக்நாக் வாசத்தின் கதை எங்கள் தீவு வழியாகத்தான் போகிறது. பாலிக் புலாவ் பக்கம் போனால் இன்றும் மரங்களைப் பார்க்கலாம். வெளிச்சதையை ஊறப்போட்டு உப்பும் சீனியுமாக விற்கிறோம், ஜூஸ் போடுகிறோம். சிவப்பு வலை போலச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியைக் காயவைக்கிறோம். கொட்டையை ஓட்டோடு வாங்கிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆடிச் சத்தம் கேட்டால் நன்றாகக் காய்ந்தது. தூளாக வாங்காதீர்கள், துருவிய பத்தாவது நிமிடமே வாசம் பாதியாகிவிடுகிறது என்பது என் மூக்கின் கணக்கு. அளவையும் மீறாதீர்கள். அதிகம் போனால் அது விஷம், தலைசுற்றலோடு நிற்காது.

சிங்கப்பூருக்கு ஜாதிக்காயை அனுப்பி வைத்தவர் ராஃபிள்ஸ். 1819-இலேயே இன்றைய ஃபோர்ட் கேனிங் மலையில் நட்டார்கள். 1840-களில் அது பைத்தியமாகவே மாறியது. வக்கீல், டாக்டர், கப்பல் கேப்டன் என்று நிலம் வாங்க முடிந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஜாதிக்காய் போட்டார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டின் 'ஆர்ச்சர்ட்' அந்தத் தோட்டங்கள்தான். ஸ்காட்ஸ் ரோட்டின் கேப்டன் ஸ்காட், ஆக்ஸ்லி ரோட்டின் டாக்டர் ஆக்ஸ்லி, கேர்ன்ஹில்லின் கார்னி, எல்லாரும் ஜாதிக்காய்க்காரர்கள். பொறுமை கேட்கும் பயிர் அது. ஆண் மரமா பெண் மரமா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்கு ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஆண் மரம் காய்க்காது. காத்திருந்து காத்திருந்து காய்க்கத் தொடங்கிய மரங்களை 1850-களில் ஒரு நோய் தாக்கியது. அடுத்த பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

பாழாய்ப் போன தோட்டங்களில் ஒன்று பிரின்செப் என்பவருடையது. அரசு அதில் ஒரு பகுதியை வாங்கி 1867 முதல் 1869 வரை ஆளுநர் மாளிகை கட்டியது. இன்றைய இஸ்தானா. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போகிறவர்கள், கையில் எக்நாக் லாத்தே கோப்பையோடு நடப்பது அந்த மண்ணின் மேல்தான். கடைக்காரர்களுக்கே இது தெரிந்திருந்தால் விளம்பரமாக்கியிருப்பார்கள். கைதிகளை விட்டுவிட்டு.

பினாங்கில் ஜாதிக்காய் போட்டவர்களில் பெரிய கை டேவிட் பிரவுன். ஸ்காட்லாந்துக்காரர். கெலுகோர் எஸ்டேட் அவருடையது. 1825-இல் இறந்தார். பாடாங் பிரவுனில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது, பக்கத்தில் லோக் லோக் சாப்பிடப் போகிறவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. அவர் குடும்பத்தின் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களின் வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தமிழர்கள் கெலுகோரிலேயே ஒரு கம்பத்தில் குடியிருந்தார்கள். ஊரின் பெயர் கம்போங் புவா பாலா. தமிழில் சொன்னால் ஜாதிக்காய்க் கம்பம்.

ஜாதிக்காய் தோட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அவர்கள் மாடு வளர்த்தார்கள். மாடும் மேய்ச்சலுமாக இருந்ததால், அந்நாளில் தொலைக்காட்சியில் ஓடிய அமெரிக்க கௌபாய் தொடரின் பெயரை வைத்து 'ஹை சாப்பரால்' என்று மற்றவர்கள் அழைத்தார்கள். நகரத்துக்கு நடுவில் மாட்டுப் பொங்கலை மாட்டோடு கொண்டாடிய ஊர் அது. பிரவுன் குடும்பம் தங்களுக்கென்று விட்டுப்போன நிலம் என்பது அவர்கள் வாதம். நிலம் கைமாறி, வீடமைப்புத் திட்டம் வந்து, வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. தோற்றார்கள். 2009 செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. நம்மில் பலர் அப்போது பள்ளிச் சீருடையில் இருந்திருப்போம். பத்திரிகையில் போலீஸ், அழுகிற பெண்கள், ஓரத்தில் நின்று பார்க்கும் மாடுகள்.

பண்டாவும் புவா பாலாவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது படுகொலை, இது நில வழக்கு. ஒன்றை மற்றதோடு நிறுத்துப் பார்ப்பது இரண்டையும் அவமதிப்பது. ஆனால் சமையல் குறிப்பில் 'ஒரு சிட்டிகை' என்று படிக்கும்போது என் கண்ணில் படுவது பனியும் கணப்படுப்பும் அல்ல, காலி செய்யப்பட்ட இடங்கள். வாசம் உலகம் முழுக்கப் போய்விட்டது. அதன் பெயரைத் தாங்கிய ஊர்க்காரர்கள் ஊரில் இல்லை.

அந்தக் கம்பத்துப் பால் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில், பழைய போத்தல்களில். பொங்கலுக்கு அந்தப் பால்தான் வேண்டும் என்று பாட்டி முன்கூட்டியே சொல்லி வைப்பாராம். அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது அம்மா அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொல்வதில்லை. "மாட்டுக் கம்பம் வந்துருச்சு, அடுத்த சிக்னல்ல திரும்பு" என்பார்.